காற்று கொண்டுபோனவை

முதல் பயிற்சி, செய்யவேண்டியவை பட்டியல்.
ஒதிலியா வுக்காசோவிச் அதில் மூன்று வரி எழுதினாள்:
பால் வாங்கு. மீட்டர் பார். தூங்கு.
மூன்றையும் டிக் அடித்தாள், வேலை செய்தது.
தூங்கவில்லை.

இரண்டாம் பயிற்சி, சமையல் குறிப்புகள்.
பாடத்தில் வந்த அதே பான்கேக், அதே படம்,
அதே ஐந்து நட்சத்திரம்.
உலகெங்கும் எத்தனை ஆயிரம் கணினிகளில்
யாரும் தின்னாத அந்தப் பான்கேக்
ஆறிக்கொண்டிருக்கிறதோ.

மூன்றாவது உங்கள் விருப்பம் என்றது பாடம்.

புந்தா அரேனாஸ்.
நிலப்படத்தில் தாள் தீரப்போகிற இடம்.
காற்று எழுந்தால் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்போம் நாம்.
அங்கே டிசம்பரும் ஆடிதான்;
அம்மி இல்லாததால்
மற்றதெல்லாம் பறக்கிறது.

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருடம்.
எத்தனை தலையணை உறைகள் கொடிக்கம்பியிலிருந்து கழன்று
மகெல்லன் நீரிணை தாண்டிப் போயின என்று
கணக்கு வைத்திருக்கிறாள்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

எனவே மாதிரிக்குப் பெயர் வைத்தாள்: பறந்தபொருள்.
என்ன, என்ன நிறம், எந்தத் தெரு,
காற்று எந்தப் பக்கம்,
கிடைத்ததா: ஆம், இல்லை.

சமையலறை மேசையில் இரவு இரண்டு மணி.
முகப்பு ஒரு ஜன்னலில், சர்வர் மறு ஜன்னலில்,
நடுவே பிழைச்செய்தி,
சிவப்பில், நாற்பது வரி.
கடைசி வரியிலிருந்து படிக்கவேண்டும் என்பதை
அவளாகவே கண்டுகொள்ள ஒன்பது நாள்.
ஒரு காற்புள்ளி.
ஒன்பது நாளும் ஒரே காற்புள்ளி.

இடப்பெயர்வை ஓட்டவும் என்றது திரை.
சிரித்துவிட்டாள்.
அவள் குடும்பத்தில் அதை ஓட்டாதவர் யார்?
அப்பா வழி குரோவேசியா, அம்மா வழி சிலோயே தீவு.
என்டர் தட்டினாள்.
சரி, சரி, சரி என்று வரிசையாக வந்தது.
அவர்களுக்கு அப்படி வந்திருக்காது.

லோக்கல்ஹோஸ்டில் இருந்தவரை
பறந்தவை எல்லாம் அவளுடையவை.
வெளியே ஏற்றிய வாரமே தெரு வந்து சேர்ந்தது:
ஒரு மூக்குக்கண்ணாடி.
ஒரு பையனின் கணக்கு வீட்டுப்பாடம்
(இதை அவள் நம்பவில்லை).
கோழிக்கூண்டின் கூரை, கோழிகள் பத்திரம்.
தொலைபேசியில் சொன்னவர்களுக்கு அவளே எழுதினாள்,
சோதனைக்கென்று படைத்த பயனர் ஒருவன் பெயரில்.

ஒரு செவ்வாய்க்கிழமை
அந்தப் பயனர் இனி எதற்கு என்று அழித்தாள்.
அறுபத்திரண்டு பொருள்கள் அவனோடு போயின.
ஊர்க்காற்றுகூட ஒரே நொடியில்
இத்தனையைத் தூக்கியதில்லை.
பாடத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய
ஒற்றைச் சொல், அருவி என்று பொருள்படும்.
மேலே ஒன்று விழுந்தால் கீழுள்ளதெல்லாம் விழும்.
அழகாக இருக்கிறது என்றுதான் விட்டுவைத்திருந்தாள்.

காப்புப்பிரதி இல்லை.
நோட்டுப்புத்தகத்தோடு வீடுவீடாகப் போனாள்.

பார்ரியா கதவைத் திறந்து
காற்று பிடுங்காமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.
"தொப்பியா? பார்த்துவிட்டேனே.
மீன்சந்தையில் ஒருத்தன் தலையில்.
என்னைவிட அவனுக்கு நன்றாக இருக்கிறது.
கேட்கவில்லை."
"அப்படியானால் ஆம் போடவா, இல்லை போடவா?"
கதவு இரண்டு முறை அதிர்ந்தது.
"இரண்டும் பொய்தானே, ஒதிலியா."

அன்றிரவு அருவியை எடுத்துவிட்டு
தடுப்பு வைத்தாள். அது எளிது.
மூன்றாவது விடைக்குத்தான் சொல் கிடைக்கவில்லை.
வெற்றாக விடப் பார்த்தாள்,
சட்டகம் ஒப்பவில்லை: ஏதாவது சொல் என்றது.
தேநீர் ஆறியது. எழுதினாள்:
போகட்டும்.

இடப்பெயர்வு எட்டு. சரி.

காலைக்குள் ஐந்து பேர் தங்கள் பொருளுக்கு
அதைத் தேர்ந்திருந்தார்கள்,
மூக்குக்கண்ணாடிக்காரர் உட்பட.
அவள் தன் பட்டியலைத் திறந்தாள்.
தலையணை உறை, வெள்ளை, இருபத்துமூன்று.
விரல் கொஞ்சநேரம் நின்றது.
இல்லை என்றே விட்டாள்.
சம்பளத்தில் பிடித்தார்களே.